வெளுக்கத் தெரிஞ்சவன் சொல்லுதேன்

ஏலே பேராண்டி, நீ குடுத்துவிட்ட கவரை ஆச்சிதான் முதல்ல பிரிச்சா. உள்ள உள்ளங்கை அகலத்துக்கு ஒன்பது துணித்துண்டு. ஒவ்வொண்ணு முதுகுலயும் ஒரு நம்பர், ஒரு இங்கிலீஷ் பேரு. "பய பொண்ணு பாத்துட்டான் போல, ஜாக்கெட்டுக்குச் சாம்பிள் அனுப்பிருக்கான்"னு அவ மடியில முடிஞ்சுக்கிட்டா. அவ கிட்ட இருந்து பிடுங்குததுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிட்டு. அப்புறந்தான் உன் சீட்டைப் படிச்சேன். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுல பழைய சுக்குக் கிடங்கு மாடியைப் பிடிச்சு வீட்டுத் தியேட்டர் கட்டுதியாம். மிஷின் வாங்கியாச்சாம். திரை மட்டுந்தான் பாக்கியாம். "தாத்தா, இந்த ஒன்பதுல எது நல்ல வெள்ளை?"ன்னு கேட்டிருக்க.

ஆளைச் சரியாத்தான் பிடிச்சிருக்க. கேள்வியைத்தான் தப்பாப் பிடிச்சிருக்க. அதை அப்புறம் வச்சுக்கிடுவோம். கிழவன் கிட்ட யோசனை கேட்டா முதல்ல கிழவன் கதையைக் கேக்கணும். அதுதான் கூலி.

நம்ம ஆளுகளை டச்சுக்காரன் பட்டாளத்துத் துணி வெளுக்கத் தமிழ்நாட்டுல இருந்து கூட்டிட்டு வந்தான்னு எங்க பாட்டன் சொல்லுவாரு. டச்சுக்காரன் போனான், இங்கிலீஷ்காரன் வந்தான், அவனும் போனான். அழுக்கு போகல. அதனால நாமளும் போகல. 1976-ல ஜி.சி.டி.ஏ.ங்கற கொச்சி வளர்ச்சி ஆணையம் ஃபோர்ட் கொச்சியில வெளிங்கற இடத்துல டோபிக்கானா கட்டிக் குடுத்தப்ப எனக்கு மீசை அரும்புத வயசு. அன்னையில இருந்து எத்தனை வெள்ளை பாத்திருப்பேன்! ஆஸ்பத்திரி வெள்ளை, ஓட்டல் வெள்ளை, பாதிரியார் அங்கி வெள்ளை, கல்யாண வேட்டி வெள்ளை, கட்சிக்காரர் வெள்ளை. கடைசி ரகந்தான் ரொம்பப் பாடுபடுத்தும். மேல வெளுக்கும், மடிப்புக்குள்ள வெளுக்காது.

அந்த டோபிக்கானா பக்கத்துல, துணி காயப்போடுத மைதானத்துல நானும் சேக்காளிகளும் ஒரு தடவை படம் ஓட்டுனோம். வாடகைக்கு எடுத்த 16 எம்.எம். மிஷின். மிஷினுக்கே காசு தீந்துட்டு, திரைக்கு எங்க போறது? ஒரு ஓட்டல் விருந்து மேசை விரிப்பு, பன்னெண்டு அடி நீளம், வெளுத்துக் காஞ்சு கிடந்தது. திங்கக்கிழமைதான் திருப்பிக் குடுக்கணும். அப்ப சனிக்கிழமை ராத்திரிக்கு அது யாரு சொத்து? இழுத்துக் கட்டுனோம். கூட்டம் கூடிட்டு. அந்தக் கூட்டத்துல ஓட்டல் மேனேஜரும் ஒருத்தரு, கடலைப் பொட்டலத்தோட முன் வரிசையில. கதாநாயகி கிட்டத்துல வந்து கண்ணைத் துடைக்கா, அவ கன்னத்துல பெருசா ஒரு மஞ்சக் கறை. மேனேஜர் துள்ளி எந்திருச்சு, "எடா, இது நம்முடெ மீன்கறியல்லே!"ன்னு ஒரே கத்து.

கூலியில பிடிச்சுட்டாரு, அது கிடக்கட்டும். அன்னைக்கு நான் கண்ட கூத்து வேற. காசு குடுக்காத பயலுக இருவது பேரு திரைக்குப் பின்பக்கம் உக்காந்து முழுப்படமும் பாத்தானுக. அவனுகளுக்குக் கதாநாயகன் இடது கையால சோறு தின்னான், எழுத்து வலமிருந்து இடம் போச்சு, மத்தபடி ஒரு குறையும் இல்ல. நாங்க வாடகை குடுத்த வெளிச்சத்துல ஒரு நல்ல பங்கு துணியைத் துளைச்சுக்கிட்டு ஓசிக்காரனுக்குப் போயிருக்கு. எவ்வளவு நெருக்கி நெய்தாலும் பாவுக்கும் ஊடைக்கும் நடுவுல சந்து உண்டு, வெளிச்சத்துக்கு அந்தச் சந்து போதும்.

அதனால உன் கவர்ல இருந்த முதல் மூணு துண்டையும் ஜன்னலுக்கு நேர பிடிச்சுப் பாத்தேன். ஒண்ணாம் நம்பர்ல அந்தப் பக்கம் ஆச்சி முகமே தெரிஞ்சது. அதைத் தூரப் போடு. மூணாம் நம்பர், ஜன்னல் சீலைக்கு உள்பக்கம் வச்சுத் தைப்பாங்கல்லா, அந்த பிளாக்அவுட் துணி. பின்பக்கம் பூச்சு இருக்கதால வெளிச்சம் தாண்டாது. எர்ணாகுளம் பிராட்வேயில மீட்டர் கணக்குல வாங்கலாம், விலையும் கொள்ளை இல்ல. அதை விட்டுட்டு மெல்லிசு துணிதான் வேணும்னு அடம் பிடிச்சேன்னா, பின்னால கருப்புத்துணி ஒண்ணு கட்டு. இல்லாட்டா தாண்டிப்போன வெளிச்சம் பின்சுவத்துல பட்டுத் திரும்பி வந்து, கதாநாயகி மூக்குக்குப் பக்கத்துல இன்னொரு மூக்கு போட்டுவிடும்.

வெளிச்சம் தாண்டுத துணி எல்லாமே மட்டம்னு நினைச்சிராத. பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்ல தோல்பாவைக்கூத்து பாத்திருக்கியா? மலையாள நாட்டுல, நம்ம கம்பரு ராமாயணத்தை, 42 அடி நீளக் கூத்துமாடத்துல, பின்னால 21 விளக்கு ஏத்தி வச்சு ராத்திரி ராத்திரியா நடத்துவாங்க. அங்க துணி வெளிச்சத்தை விட்டாத்தான் ராமனுக்குப் பிழைப்பு. மேல்பாதி வெள்ளை, கீழ்பாதி கருப்பு. அந்தக் கீழ்க்கருப்பை மனசுல வச்சுக்கோ, பின்னால வேலை இருக்கு. கூடாரக் கொட்டகைக் காலத்துலயும் சில இடத்துல திரைக்குப் பின்னால மிஷினை வச்சு ஓட்டுவாங்களாம். துணியைத் தண்ணியில நனைச்சுக் கட்டுவாங்களாம், நனைஞ்சா வெளிச்சம் நல்லா ஊடுருவும்னு. ரயில்வேயில வேலை பாத்த கோயமுத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல டூபான்ட்டுங்கற பிரெஞ்சுக்காரர் மிஷினை வாங்கிக்கிட்டு ஊர் ஊராக் கிளம்புனாருல்லா, அந்தக் காலத்துச் சங்கதி. படம் பாக்குததுக்கு முன்னால துணி நனைக்க ஆள் வேணும்! நம்ம தொழிலுக்கு எவ்வளவு மரியாதை இருந்திருக்கு பாத்தியா?

சரி, வெள்ளைக்கு வருவோம். ஒன்பதுல கண்ணைப் பறிக்குத வெள்ளை எதுன்னு கேட்டா நாலாம் நம்பர். நீயும் அதுலதான் பேனாவால டிக் அடிச்சிருக்க. சிரிப்பா வருது எனக்கு. ஏலே, அது வெள்ளை இல்ல, நீலம். பழைய வேட்டியை நாங்க எப்படிப் புதுசாக்குவோம்? உவர்மண்ணும் வெள்ளாவியும் பண்ணுத வேலை பாதி, கடைசி அலசல்ல போடுத நீலம் மீதி. மஞ்சளடிச்ச துணியில இத்துனூண்டு நீலம் ஏறுனா கண்ணு ஏமாந்து வெள்ளைங்கும். நிசத்துல துணி ஒரு பொட்டு மங்கித்தான் போகும். இந்த ஏமாத்துல எத்தனை காசு இருக்குன்னு திருச்சூர்க்காரர் எம்.பி. ராமச்சந்திரனைக் கேளு. 1983-ல உஜாலாவைப் பாட்டில்ல அடைச்சாரு, எங்க நீலப்பொடி டப்பா எல்லாம் பரணுக்குப் போச்சு. இப்ப சோப்புத்தூள்ல வேற ஒரு மாயம் கலக்கான். வெயில்ல இருக்குத, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாத் திருப்பி அடிக்கும். வெளி மைதானத்து வெயில்ல ஜொலிக்கும். உன் இருட்டுக் கொட்டகையில அது எதை வாங்கித் திருப்பும்? நீலம் ஏறுன திரையில நல்ல கருத்த அழகி வந்து நின்னா காய்ச்சல்காரி மாதிரி இருப்பா. திரைக்கு வெள்ளைன்னா எல்லா நிறத்தையும் கூட்டாம குறைக்காம வந்தபடியே திருப்பிக் குடுக்குததுதான். அந்த வெள்ளை வெயில்ல பாத்தா சோகையாத்தான் இருக்கும். ரெண்டாம் நம்பர் அப்படி. உனக்கு அது பிடிக்கல, தெரியும்.

அடுத்தாப்புல "கெயின்"னு ஒரு நம்பர் போட்டிருக்கான். இதை எனக்குச் சொல்லிக் குடுத்தது ஒரு தியேட்டர் ஆபரேட்டர். என் கிட்டதான் சட்டை வெளுப்பாரு. காசு தரமாட்டாரு, பாஸ் தருவாரு. அவரு சொன்ன கணக்கு இது: மெக்னீசியம் கார்பனேட்டுன்னு சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளைக் கட்டி. அது எல்லாப் பக்கமும் ஒரே சீரா வெளிச்சத்தை விசிறும். அதுக்குச் சமமாத் திருப்புனா கெயின் 1.0. ஆறாம் நம்பர் துண்டுல 2.4-ன்னு போட்டிருக்கான், பாசிமணி ஒட்டுன மாதிரி மினுங்குது. ரெண்டரை மடங்கு வெளிச்சம் ஓசியில வருதுன்னு உனக்கு நாக்குல எச்சி ஊறியிருக்கும். கல்யாணப் பந்தியில பாயசம் பரிமாறுதவன் மாமனாரு இலைக்கு மட்டும் நாலு கரண்டி ஊத்துனா, அண்டாவுல பாயசம் கூடுனதாவா அர்த்தம்? கடைசி இலைக்காரனுக்கு இல்லன்னு அர்த்தம். ஓரத்துல உக்காந்தவன் பங்கை எடுத்து நடுவுல உக்காந்தவனுக்குக் குடுக்குததுதான் பெரிய கெயின். நடுவுல உக்காந்தவனுக்கும் நிம்மதி கிடையாது, திரை மத்தியில மட்டும் கஞ்சி போட்டுத் தேச்ச கஃப் மாதிரி ஒரு பளபளப்பு நிக்கும். வீட்டுல ஒருத்தனாத்தான் உக்காந்து பாக்கப் போறேன்னா வாங்கிக்கோ. ஆனா ஆச்சி ஓரத்துலதான் உக்காருவா. அவளுக்கு மங்கலாத் தெரிஞ்சா உனக்கு மீன் வறுவல் கிடையாது.

"தாத்தா, வெள்ளித்திரைங்காங்களே"ன்னு கேப்ப. அந்த வெள்ளி எப்ப வேணும் தெரியுமா? 1984-ல 'மை டியர் குட்டிச்சாத்தான்' வந்தது, நம்ம நாட்டு முதல் 3டி படம், நவோதயாக்காரங்க எடுத்தது. ஐஸ்கிரீம் மூக்குக்கு நேர வந்ததும் நானும் நக்கப் போனேன், மறைப்பானேன். ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு படம், ரெண்டும் திசை மாத்தி முறுக்குன வெளிச்சம். சாதா வெள்ளையில பட்டா அந்த முறுக்கு கலைஞ்சுரும், உலோகப் பூச்சுல பட்டாத்தான் கலையாமத் திரும்பும். அதுக்காக வெள்ளிப்பூச்சு. அதுவும் பெரும்பாலும் அலுமினியத்தூள்தான், பேருதான் வெள்ளி. உன் மிஷின் அந்த முறுக்குல ஓடுத ரகம் இல்ல. அதனால வெள்ளிப்பூச்சு அடிச்ச அஞ்சாம் நம்பரை ஆச்சிக்கே குடுத்துட்டேன், மஞ்சள்பொடி டப்பாவுக்கு மூடி சுத்த.

இப்ப நீ தப்பாக் கேட்ட கேள்விக்கு வாரேன்.

போன வாரம் வீடு பாக்க வந்தேனே, அந்த மாடியில நுழைஞ்சதும் நெஞ்சு திக்குன்னுச்சு. மிளகும் சுக்கும் வெயில் படாமக் கிடக்கணும்னு அந்தக் காலத்துக் கச்சிக்காரனும் யூதனும் தடிச்ச சுவரு எழுப்பி, சின்ன ஜன்னல் வச்சுக் கட்டுன கிடங்கு. கொச்சியில நல்ல இருட்டு வேணும்னா மட்டாஞ்சேரிக்குத்தான் வரணும். 2012 டிசம்பர் 12-ஆம் தேதி தொடங்குன பினாலே கலைக்காட்சிக்காரங்களுக்கு அது தெரிஞ்சிருக்கு. பழைய கிடங்குகளைப் பிடிச்சு, உள்ள இருட்டைக் கட்டி வச்சு வீடியோ ஓட்டுனாங்க. என்ன படம்னு எனக்கு விளங்கல, ஆனா பளிச்சுன்னு விளங்காம இருந்தது. நீ என்ன பண்ணிருக்க? அப்பேர்ப்பட்ட இருட்டுக் கிடங்குல நாலு சுவத்துக்கும், மேல தட்டட்டிக்கும் வெள்ளை பெயின்ட் அடிச்சிருக்க. வீட்டுக்கு லட்சணமா இருக்கணும்னு!

ஏலே, உன் மிஷினால சிவப்பை எறிய முடியும், பச்சையை எறிய முடியும், வெள்ளையை எறிய முடியும். கருப்பை எறிய முடியுமா? கருப்பு வெளிச்சம்னு ஒண்ணு உண்டா? படத்துல ராத்திரி வந்தா மிஷின் சும்மா இருக்கும், அவ்வளவுதான். அப்ப திரையில தெரியுத கருப்பு உன் துணியோட சொந்த நிறம், அந்த நேரத்துல அறையில எவ்வளவு வெளிச்சம் திரியுதோ அந்த அளவுக்கு வெளுத்த நிறம். திரையில பட்ட வெளிச்சம் உன் வெள்ளைச் சுவத்துக்குப் போகும், சுவரு அதைத் திருப்பித் திரைக்கே அனுப்பும், பேயி நிக்குத இருட்டு மூலை சாம்பலாப் போகும். நாப்பத்தஞ்சு வருசமாத் துணியை வெளுத்தவன் நான். உன் சுவரு படத்தை வெளுக்குத அழகைப் பாத்தா எனக்கே பொறாமையா இருக்கு.

எட்டாம் நம்பர் சாம்பல் நிறம். ஆச்சி அதைத் தொட்டுப் பாத்துட்டு, "இதை எவன் அலசாமப் போட்டான்?"ன்னா. அது அழுக்கு இல்ல, தந்திரம். கெயின் 0.8 மாதிரி இருக்கும். வெள்ளையும் குறையும், கருப்பும் இறங்கும். சுவத்துல பட்டுத் திரும்பி வாரது அந்தச் சாம்பல்ல ரெண்டு தடவை அடி வாங்குதுல்லா, அதனால வெள்ளைச் சுவத்துக்காரனுக்கு அது கொஞ்சம் உதவும். ஆனா சுவத்துக்குக் கருநீலமோ கருஞ்சாம்பலோ ரெண்டு பூச்சு அடிக்கக் கூலி எவ்வளவு, எட்டாம் நம்பர் விலை எவ்வளவுன்னு பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாரு. மினுங்காத பெயின்டா இருக்கணும். மேல தட்டட்டியை விட்டுராத, திரைக்குக் கிட்டத்துல இருக்க திருடன் அதுதான்.

ஏழாம் நம்பர்ல கடைக்காரன் ரெண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்கான். "ஏ.எல்.ஆர்., பகல்லயே பாக்கலாம்." எழுபதாயிரம்னு வேற சொன்னானாம். விரலால தடவிப் பாத்தேன். ஒரு வாக்குல வழுக்குது, எதிர்வாக்குல ரம்பம் மாதிரி பிடிக்குது. செல்போன் விளக்கைக் கீழ இருந்து அடிச்சேன், பளிச்சுன்னு முகத்துல அறைஞ்சது. மேல இருந்து அடிச்சேன், கருகும்முன்னு ஆயிட்டு. பொடிப்பொடியாப் படிக்கட்டு செதுக்கி, மேல்முகத்துக்குக் கருப்பும் கீழ்முகத்துக்கு வெளுப்பும் குடுத்திருக்கான். கெட்டிக்காரன்தான், ஒத்துக்கிடுதேன். சுவத்தோரம் தரையில வச்சு மேல்நோக்கி அடிக்குத அல்ட்ரா ஷார்ட் த்ரோ மிஷினுக்கு அது அமிர்தம். நீ மிஷினை எங்க மாட்டியிருக்க? உத்தரத்துல, தலைக்கு மேல! அந்தத் துணி உன் மிஷினையே டியூப் லைட்டுன்னு நினைச்சு முழுங்கிரும். எழுபதாயிரம் குடுத்து, உன் மிஷின் வெளிச்சத்தையே தின்னுத ஒரு ஆளை வீட்டுல வச்சுக்கிடப் போற.

ஒன்பதாம் நம்பர்ல ஊசி ஓட்டை. ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால வைக்குதவனுக்கு, பேச்சு வாயில இருந்தே வாரதுக்கு. உனக்கு ஸ்பீக்கர் வைக்கப் பின்னால ஒரு சாண் இடம் இல்ல. விடு.

எவ்வளவு பெருசுன்னு நீ கேக்கவே இல்ல. "முடிஞ்ச அளவு பெருசு"ன்னு எழுதியிருக்க. கல்யாணமாகாத பயலுக்கு எல்லாம் பெருசாத்தான் வேணும். ஆபரேட்டர் கணக்கைக் கேளு. மிஷின் வெளிச்சத்தை லூமென்ல எடு, கெயினால பெருக்கு, திரையோட சதுர அடியால வகு. டிஜிட்டல் படத்துக்குத் தியேட்டர்ல 14 வரணும்பாங்க, ஃபுட்-லாம்பர்ட்டுன்னு அதுக்குப் பேரு. உன் மிஷின் பெட்டியில போட்டிருக்க லூமென் கல்யாணப் பத்திரிகையில போடுத பட்டம் மாதிரி, அதை நம்பாத. படம் பாக்குத மோடுல 1000 வருதுன்னு வையி. 120 அங்குலத் திரைன்னா சுமார் 43 சதுர அடி. கெயின் 1.0 வச்சாலே 23 வருது, தாராளம். 150 அங்குலத்துக்கு 67 சதுர அடி, 15-தான் தேறும். மிஷின் பழசாக ஆக அதுவும் இறங்கும். 120-ஓட நிறுத்திக்கோ. இருட்டு அறையில 23 இருக்கவனுக்குப் பாசிமணியும் வேண்டாம், வெள்ளியும் வேண்டாம், மினுங்காத சாதா வெள்ளை போதும். நீ வேண்டாம்னு தள்ளுன அந்தச் சோகை பிடிச்ச ரெண்டாம் நம்பர்தான் அது.

சுருட்டுத திரையா, சட்டத்துல அடிச்ச திரையான்னு ரெண்டுங்கெட்டானா எழுதியிருக்க. டோபிக்கானாவுல நாங்க கிளிப்பு போடமாட்டோம். ரெட்டைக் கயித்தை முறுக்கிக் கட்டி, முறுக்குக்குள்ள துணி முனையைச் செருகிருவோம். எந்தக் காத்துக்கும் அசையாது. ஆனா ரெண்டு முனையில மட்டும் இழுத்தா நடுவுல தொய்வு விழும், உலகத்துல எந்தத் துணிக்கும் அந்தக் குணம் உண்டு. சுருட்டுத திரை அதுதான். வாங்குன புதுசுல சமுத்திரம் மாதிரி அமைதியா இருக்கும், ரெண்டு மழைக்காலம் போனா அலையடிக்கும். படத்துல ஆளு நடந்தா முட்டுக்குக் கீழ வாதம் வந்த மாதிரி நெளியுவான். சட்டத்துல நாலு பக்கமும் இழுத்து அடி. சட்டத்து மேல அகலமாக் கருப்பு வெல்வெட் ஒட்டு. வழியுத வெளிச்சத்தை அது குடிச்சுரும், பக்கத்துல கருப்பு இருந்தாத்தான் கண்ணுக்கும் வெள்ளை வெள்ளையாத் தெரியும். பாவைக்கூத்துத் துணியில கீழ்ப்பாதி கருப்பை மனசுல வையின்னு சொன்னேனே, இதுக்குத்தான்.

ஜூன் மாசம் இங்க என்ன நடக்கும்னு உனக்குத் தெரியும். பெட்டிக்குள்ள வச்ச பட்டுச் சேலையிலயே புள்ளி புள்ளியாக் கருப்பு பூக்கும், மலையாளத்தான் கரிம்பன்னு சொல்லுவான். பருத்தித் துணியில அது விழுந்தா என் அப்பன் வந்தாலும் எடுக்க முடியாது. அதனால திரைக்குப் பருத்தி வேண்டாம். சுவத்தை ஒட்டி மாட்டாம ரெண்டு விரக்கடை தள்ளி மாட்டு, காத்து போகட்டும். தூசி படிஞ்சா மெத்துன்னு ஒரு துணி, லேசா ஈரம், ஒத்தி எடு. தேய்க்காத. ஸ்பிரிட்டு, பிளீச்சு ஒண்ணும் காட்டாத. துணியைக் கல்லுல அறைஞ்சே கை காச்சுப்போன நான் சொல்லுதேன், இதை அறையாத.

எந்த வெள்ளை வாங்கலாம்னு கேட்டவனுக்கு முதல்ல நாலு லிட்டர் கருப்பு வாங்குன்னு சொல்லுதேன்னு உனக்குக் கோவம் வரும். வரட்டும். இந்த வாரம் சுவத்துக்கு அடி, ஜன்னலுக்குத் தடிச்ச சீலை போடு, ரெண்டாம் நம்பருக்குப் பணம் கட்டாத. ஞாயித்துக்கிழமை நான் ஆச்சியைக் கூட்டிட்டு வாரேன். ஒரு நல்ல விரிப்பு, பன்னெண்டுக்கு எட்டு, இஸ்திரி போட்டு மடிச்சு வச்சிருக்கேன். கட்டி ஓட்டிப் பாப்போம். எந்த ஓட்டல்னு கேக்காத. திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு அவனுக்குத் திருப்பிக் குடுத்தாகணும், அதனால சேக்காளிகளைக் கூப்பிடுதியோ, கூப்பிடு, மீன்கறி மட்டும் வாங்கி வைக்காத.